லைபீரியாவின் வெள்ளுடை மகளிர்

வரலாற்று நூல்களைப் புரட்டுவோர்க்கு ஓர் உண்மை புலனாகும். போர் மூண்ட நாள், படை நடத்திய தலைவனின் பெயர், வென்ற நிலத்தின் எல்லை ஆகியவை அவற்றில் தவறாமல் இடம்பெறும். போர் ஓய்ந்த மறுநாள் அவிந்து கிடந்த அடுப்பை மூட்டியவர் யார், கொன்றவன் வீட்டாரும் கொல்லப்பட்டவன் வீட்டாரும் ஒரே கிணற்றில் நீர் மொள்ளும் நிலையை உண்டாக்கியவர் யார் என்னும் வினாக்களுக்கு அந்நூல்களில் விடை கிடைப்பது அரிது. சங்கப் பாடல்களில் திளைத்த நாமும் இக்குறைக்கு விலக்கல்லோம். மகனைப் போருக்கு அனுப்பிய மூதின் மகளிரின் மறத்தை மேடைதோறும் முழங்குகின்றோம். அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது நடந்த ஔவையாரை அத்துணை நினைப்பதில்லை.

ஆகவே, இவ்வாண்டு மலரில், அண்மைக் கால வரலாற்றிலிருந்து மகளிர் சிலரின் செயலை எடுத்துரைக்க விழைகின்றோம். அது நிகழ்ந்த இடம் நமக்கு மிகத் தொலைவிலுள்ள லைபீரியா. இந்தியாவுக்கும் அதில் சிறு பங்கு உண்டு. அதனைப் பின்னர்க் காண்போம்.

ஆப்பிரிக்கக் கண்டத்தின் மேற்குக் கரையில் அட்லாண்டிக் மாகடலை நோக்கி அமைந்தது அந்நாடு. பரப்பில் தமிழ்நாட்டினும் சிறியது. மக்கள் தொகை 2022ஆம் ஆண்டுக் கணக்கின்படி ஏறத்தாழ 52 இலட்சம். அமெரிக்காவில் அடிமைத்தளை நீங்கிய கறுப்பின மக்களைக் கொண்டுவந்து குடியேற்றும் பொருட்டு 1822இல் இங்கே ஒரு குடியிருப்பு நிறுவப்பட்டது. அது 1847இல் தன்னாட்சி பெற்ற குடியரசாயிற்று. தலைநகரான மன்ரோவியா, அமெரிக்கக் குடியரசுத் தலைவர் மன்ரோவின் பெயரைத் தாங்கியது. அடிமை வாழ்வின் கொடுமையை அறிந்து வந்தவர்கள், வந்த இடத்தில் மண்ணின் மக்களைத் தமக்குச் சமமாகக் கருதியிருக்க வேண்டும் அன்றோ? அவ்வாறு நிகழவில்லை. குடியேறியோரின் வழிவந்தோர் நாட்டு மக்களில் இருபதில் ஒரு பங்கினரே. எனினும், 1878 முதல் 1980 வரை இடையறாமல் ஒரே கட்சியின் வாயிலாக அவர்களே ஆண்டனர். பெல்லே, பாசா, கியோ, மானோ, கிரான், மாண்டிங்கோ முதலிய பழங்குடியினர் தம் நாட்டிலேயே வேற்றாராய் நின்றனர். 1926இல் பத்து இலட்சம் ஏக்கர் நிலம் 99 ஆண்டுக் குத்தகையாக ஓர் அமெரிக்க ரப்பர் நிறுவனத்துக்கு அளிக்கப்பட்டது என்ற ஒரு செய்தியே அவ்வாட்சியின் போக்கை உணர்த்தப் போதும்.

1980 ஏப்ரல் 12 அன்று சாமுவேல் டோ என்னும் கீழ்நிலைப் படைவீரர் குடியரசுத் தலைவர் டால்பர்ட்டைக் கொன்று ஆட்சியைக் கைப்பற்றினார். டோ கிரான் குலத்தவர். அவர் தம் குலத்தாரை உயர்த்தியதும், கியோ, மானோ மக்களை ஒறுத்ததும் புதிய பகைக்கு வித்தாயின. 1989 டிசம்பர் 24 அன்று சார்லஸ் டெய்லர் சிறு படையொன்றுடன் ஐவரி கோஸ்ட் எல்லையைத் தாண்டி நிம்பா மாவட்டத்தினுள் நுழைந்தார். அடுத்த பதினான்கு ஆண்டுகளில் அந்நாடு அடைந்த அல்லலை விரித்துரைக்க இம்மலரின் பக்கங்கள் போதா. 1990 செப்டம்பரில் டோவைப் பிடித்துச் சித்திரவதை செய்து கொன்றவர் பிரின்ஸ் ஜான்சன் என்னும் மற்றொரு படைத்தலைவர். இப்பெயரை வாசகர் நினைவில் இருத்துக. 1997இல் தேர்தல் நடந்தது. டெய்லர் முக்கால் பங்கு வாக்குகளைப் பெற்றார். அவர் தோற்றால் மீண்டும் போர் மூளும் என்று அஞ்சியே பலர் அவருக்கு வாக்களித்தனர். ஆயினும் போர் மூண்டது. 1999 முதல் வடக்கேயிருந்து ஒரு கிளர்ச்சிப் படையும், 2003இல் தென்கிழக்கிலிருந்து மற்றொன்றும் டெய்லரை எதிர்த்து எழுந்தன. பத்து வயதுச் சிறுவர்களின் கையில் துப்பாக்கி கொடுத்து, போதைப் பொருளையும் ஊட்டிக் களத்தில் விட்டவர்கள் எல்லாத் தரப்பிலும் இருந்தனர். இரு போர்களிலும் சேர்த்து இரண்டரை இலட்சம் பேர் வரை மாண்டனர் என்பது பலரும் கூறும் கணக்கு. அன்றைய மக்கள் தொகையோ முப்பது இலட்சம் அளவினதே.

இப்போரின் நடுவே பெண்கள் வாளா இருந்தாரல்லர். 1994இலேயே மேரி பிரௌனெல் என்னும் ஆசிரியை முன்னின்று லைபீரிய மகளிர் முயற்சிக் கழகத்தைத் தொடங்கினார். முதலில் படைக்கருவிகளைக் களைக, பிறகே தேர்தல் நடத்துக என்பது அவர்களின் முறையீடு. அண்டை நாடுகளில் நடந்த பேச்சுவார்த்தைகளுக்கு அழைப்பின்றியே சென்று வாயிலில் நின்றனர். 1996இல் இடைக்கால ஆட்சிக்குழுவின் தலைவராக முன்னாள் செனட் உறுப்பினர் ரூத் பெர்ரி அம்மையார் அமர்ந்தார். கருவிகள் முற்றிலும் களையப்படாமலேயே 1997இல் தேர்தல் நடந்தது என்பதையும், அதன் விளைவையும் மேலே கூறினோம். பிரௌனெல் அம்மையாரின் சொல்லை அன்று கேட்டிருந்தால் இரண்டாம் போர் நேராமலே போயிருக்கக்கூடும் என்பது நம் எண்ணம்.

மன்ரோவியா நகரில் தூய பேதுரு லூத்தரன் தேவாலயம் ஒன்றுண்டு. 1990 ஜூலை 29 இரவில், அங்கே தஞ்சம் புகுந்திருந்த ஏறத்தாழ 600 பேரை டோவின் படைவீரர்கள் கொன்று குவித்தனர். பெரும்பாலோர் கியோ, மானோ குலத்தவர்; பெண்டிரும் பிள்ளைகளும் அவர்களுள் அடங்குவர். இறந்தோரை அவ்வளாகத்திலேயே புதைத்தனர். அதே தேவாலயத்தில்தான் சில ஆண்டுகளுக்குப் பின்னர், போரினால் உள்ளம் சிதைந்தோரைத் தேற்றும் பணி தொடங்கப்பெற்றது. அப்பணியில் தொண்டராகச் சேர்ந்தவர் லேமா போவி என்னும் இளந்தாய். 1972இல் பிறந்த அவர் போர் வந்தபோது பதினேழு வயதுப் பெண், கானா நாட்டில் அகதியாக வாழ்ந்தவர், இல்வாழ்விலும் துன்புற்றவர். டெய்லரின் படையில் இருந்து கைகால் இழந்த இளைஞர்களோடு பழகி, அவர்களின் வெறுப்பையும் வசையையும் பொறுத்து, மெல்ல மெல்ல அவர்களைப் பேச வைப்பதே அவருக்கு அங்கே வாய்த்த வேலை. பெண்களை வட்டமாக அமர்த்தி, ஒவ்வொருத்தியும் தன் துயரத்தைத் தன் வாயாலேயே சொல்லி முடிக்கும்வரை பிறர் கேட்டிருப்பதும் அப்பணியின் ஒரு பகுதி. எளிய செயலாகத் தோன்றும். செய்து பார்ப்போர்க்கே அதன் அருமை விளங்கும்.

2002இல் அவர் தேவாலயப் பெண்களைத் திரட்டினார். அமைதிக்காக மகளிரைக் கூட்டி வழிபடுமாறு தமக்குக் கனவில் கட்டளை வந்தது என்று அவரே கூறியுள்ளார். முதற்கூட்டங்களில் ஒன்றில் எழுந்து பேசியவர் ஆசாத்து பா கென்னத் என்னும் முஸ்லிம் பெண், காவல்துறையில் பணியாற்றியவர். தம் சமயத்துப் பெண்களையும் இம்முயற்சியில் சேர்ப்பதாக அவர் உறுதி கூறினார். அவ்வாறே முஸ்லிம் மகளிர் அமைப்பொன்றைத் தொடங்கினார். கிறிஸ்தவப் பெண்களில் சிலர் இவ்விணைப்பைக் குறித்துத் தயங்கினர். துப்பாக்கிக் குண்டு சமயம் பார்த்தா பாய்கிறது என்ற கேள்வியே அத்தயக்கத்தைப் போக்கிற்று. வெள்ளிக்கிழமை நண்பகலில் பள்ளிவாசல், சனிக்கிழமை காலையில் சந்தை, ஞாயிற்றுக்கிழமை தேவாலயம் என்று முறை வைத்து அவர்கள் பெண்களைத் தேடிச் சென்றனர். எழுத்தறியாதோர் மிகுதி ஆதலின், துண்டறிக்கைகளில் படங்களையும் வரைந்து கொடுத்தனர்.

இங்கே சந்தைப் பெண்களைப் பற்றி ஒரு சொல். மேற்கு ஆப்பிரிக்காவில் சிறு வாணிகம் பெரும்பாலும் மகளிர் கையில் உள்ளது. மரவள்ளி, அரிசி, உலர்த்திய மீன், பனை எண்ணெய் ஆகியவற்றைத் தலைச்சுமையாகக் கொண்டு, போர் முனைகளைக் கடந்து, வழிதோறும் காவல் சாவடிகளில் ஆயுதம் தாங்கிய சிறுவர்களுக்குப் பங்கு கொடுத்து, நகரத்துக்கு உணவு சேர்த்தவர்கள் இவர்களே. ஊரூராகச் செய்தி பரப்பத் தக்கவர்கள் இவர்களினும் வேறு யார்? போவி அம்மையாரின் பெயரை உலகம் அறியும். இப்பெண்களின் பெயர்களை எழுதி வைத்தவர் இலர்.

2003 ஏப்ரலில் கிளர்ச்சிப் படைகள் தலைநகரை நெருங்கின. அப்போது டெய்லரின் ஊர்திகள் நாள்தோறும் செல்லும் நெடுஞ்சாலையின் ஓரத்தில், மீன் சந்தையை அடுத்த திறந்த வெளியில், பெண்கள் ஆயிரக்கணக்கில் வந்து அமர்ந்தனர். வெள்ளை மேற்சட்டை, லப்பா என்னும் இடைத்துணி, தலையில் வெள்ளைத் துணி. நகையோ ஒப்பனையோ இல்லை. போர் வேண்டா, அமைதி வேண்டும் என்பதொன்றே அவர்களின் முழக்கம். எந்தக் கட்சிக்கும் அவர்கள் பரிந்து பேசவில்லை. டெய்லரை இறங்கு என்றோ, கிளர்ச்சியாளரை வருக என்றோ சொல்லவில்லை. இது கோழைமை என்று சிலர் எண்ணக்கூடும். அவர்கள் அவ்வாறு கட்டுப்பட்டு நின்றதனால்தான் இரு தரப்பினரும் அவர்களைத் தம் பகைவர் பட்டியலில் சேர்க்க இயலாமற் போயிற்று என்பதே நம் துணிபு. அந்நாட்டு வெயில் கொடிது. மழை அதனினும் கொடிது. இரண்டிலும் அவர்கள் எழவில்லை. கணவரோடு கூடி வாழ்வதை நிறுத்தி வைப்பதென்றும் பலர் உறுதி பூண்டனர். வெளிநாட்டுப் பத்திரிகைகள் இச்செய்தியையே பெரிதாக்கின. பத்திரிகைக் கவனத்தைத் தந்ததற்கு மேல் அதனால் விளைந்த பயன் குறைவே என்று போவி அம்மையார் பின்னாளில் வெளிப்படையாகவே கூறிவிட்டார்.

ஏப்ரல் 23 அன்று டெய்லர் அவர்களைத் தம் மாளிகைக்கு அழைத்தார். அவர் எத்தகையவர் என்பதை அறிந்தே அவர்கள் சென்றனர். போவி அம்மையார் எழுந்து விண்ணப்பத்தைப் படித்தபோது, டெய்லரை நோக்காமல், அங்கிருந்த செனட் தலைவியான கிரேஸ் மைனர் அம்மையாரை நோக்கியே படித்தார். பெண்ணிடம் பெண் முறையிடுவதாக அது அமைந்தது. பேச்சுவார்த்தைக்கு வருவதாக டெய்லர் இசைந்தார். கிளர்ச்சிப் படையின் தலைவர்களோ சியரா லியோன் நாட்டின் ஃப்ரீடவுன் நகரில் தங்கியிருந்தனர். பெண்களில் சிலர் அங்கும் சென்று, அவர்களையும் இசைவித்தனர்.

கானா நாட்டில் ஜூன் 4 அன்று பேச்சு தொடங்கியது. தொடங்கிய நாளிலேயே, சியரா லியோன் போர்க்குற்றங்களுக்காக டெய்லர்மீது சுமத்தப்பட்ட குற்றச்சாட்டு வெளியிடப்பெற்றது. அவர் உடனே மன்ரோவியாவுக்குத் திரும்பினார். எஞ்சியோர் நட்சத்திர விடுதிகளில் தங்கி, வரப்போகும் ஆட்சியில் யாருக்கு எந்தத் துறை என்று வாரக்கணக்கில் வாதிட்டனர். அவர்கள் வாதிட்ட நாள்களில் மன்ரோவியாவில் குண்டுகள் வீழ்ந்தன. ஊண் இன்றியும் நீர் இன்றியும் மக்கள் மடிந்தனர். கானாவில் இருந்த லைபீரிய அகதிப் பெண்களும் வெள்ளுடை உடுத்து வந்து, விடுதியின் புல்வெளியில் நாள்தோறும் அமர்ந்தனர்.

ஜூலை 21 அன்று மன்ரோவியாவில் அமெரிக்கத் தூதரக வளாகத்தில் தஞ்சம் புகுந்திருந்தோர்மீது குண்டு வீழ்ந்த செய்தி வந்தது. அன்று ஏறத்தாழ இருநூறு பெண்கள் மண்டபத்தின் வாயில்களை அடைத்துக் கைகோத்து அமர்ந்தனர். உடன்பாடு காணாமல் உள்ளிருப்போர் வெளியே வரலாகாது, உண்ணலும் ஆகாது என்றனர். காவலர் வந்து போவி அம்மையாரைச் சிறைப்படுத்த முற்பட்டனர். அவரோ, என் ஆடையை நானே களைவேன் என்று கூறித் தலைத்துணியை அவிழ்க்கத் தொடங்கினார். இதன் பொருளை நம் வாசகர் அறிதல் வேண்டும். மேற்கு ஆப்பிரிக்க மக்களிடையே, மூத்த பெண்ணோ தாயோ வேண்டுமென்றே ஆடை களைந்து நிற்றல் கொடிய சாபம். அதைக் கண்ட ஆண் வாழான் என்பது நம்பிக்கை. காவலர் பின்வாங்கினர். படைத்தலைவர் ஒருவர் பெண்களை மிதித்துக் கடக்க முயன்றார். நடுவராக இருந்த நைஜீரியத் தளபதி அப்துல்சலாமி அபுபக்கர் அவரைக் கடிந்து உள்ளே அனுப்பினார். பின்னர்ப் பெண்களோடு அமர்ந்து பேசினார். அதன்பின் பேச்சின் போக்கு மாறிற்று. ஆகஸ்ட் 11 அன்று டெய்லர் பதவி துறந்து நைஜீரியாவுக்குச் சென்றார். ஆகஸ்ட் 18 அன்று உடன்படிக்கை கையெழுத்தாயிற்று.

பெண்களால் மட்டுமே போர் நின்றது என்று கூறுதல் வரலாறு ஆகாது. கிளர்ச்சியாளர் நகரின் ஒரு பகுதியைப் பிடித்திருந்தனர். டெய்லரின் தலைமீது குற்றச்சாட்டு தொங்கிற்று. நைஜீரியப் படை வந்திறங்கியது. கடலில் அமெரிக்கக் கப்பல்கள் நின்றன. இவை யாவும் சேர்ந்தே டெய்லரை வெளியேற்றின. ஆயினும், வெளியேறிய பிறகு நடந்தவற்றை நோக்குவோர்க்கு அம்மகளிரின் தகுதி ஐயமின்றி விளங்கும். கையெழுத்தானவுடன் படம் பிடிப்போர் போய்விட்டனர். பெண்கள் போகவில்லை.

ஐக்கிய நாடுகள் சபை 15,000 பேர் கொண்ட பெரும்படையை அனுப்ப இசைந்தது. 2003 டிசம்பர் 7 அன்று மன்ரோவியாவுக்கு அண்மையிலுள்ள ஒரு முகாமில் படைக்கருவி ஒப்படைப்பு தொடங்கியது. எதிர்பார்த்ததினும் பன்மடங்கு பேர் வந்து குவிந்தனர். பணம் உடனே கிடைக்கவில்லை. நகரில் கலகம் மூண்டு சிலர் உயிரிழந்தனர். பணி பல மாதம் நிறுத்தி வைக்கப்பட்டது. ஊரறிந்த பெண்களைக் கலக்காமல் திட்டமிட்ட குறையை அதிகாரிகள் அதன் பின்னரே உணர்ந்தனர். பெண்கள் முகாம்களுக்கும் சிற்றூர்களுக்கும் சென்று, துப்பாக்கி ஏந்திய பையன்களிடம் தாய்மாரைப் போல் பேசினர். என்ன கிடைக்கும், எப்போது கிடைக்கும், எங்கே செல்ல வேண்டும் என்று அவர்கள் அறிந்த மொழியில் விளக்கினர். 2004 ஏப்ரலில் பணி மீண்டும் தொடங்கியது. 38,000 பேர் இருப்பர் என்று மதிப்பிட்டிருந்தனர். முடிவில் பதிவு செய்துகொண்டவர் ஏறத்தாழ 1,03,000 பேர். கிடைத்த துப்பாக்கி முதலிய கருவிகளோ ஏறத்தாழ 28,000 மட்டுமே! ஒப்படைத்தவர்க்கு 300 டாலர் என்ற அறிவிப்பு எத்தனை பேரைப் படைவீரர் ஆக்கியது என்பதை வாசகரே ஊகித்துக் கொள்ளலாம்.

பதிவானவர்களுள் 20,000க்கு மேற்பட்டோர் பெண்கள். இவர்களைப் பற்றிய செய்தி நெஞ்சை உருக்குவது. சிலர் துப்பாக்கி ஏந்தியவர், பலர் சிறுமியராய்க் கடத்தப்பட்டுப் படைத்தலைவர்களுக்கு மனைவியராக்கப்பட்டவர், கைக்குழந்தையோடு வந்தவர். ஊராரின் ஏச்சுக்கு அஞ்சிப் பதிவு செய்துகொள்ளாமலே மறைந்தோரும் உளர். பகைவனின் பிள்ளையைப் பெற்றுத் திரும்பிய மகளை ஏற்றுக்கொள்க என்று அவள் தாயிடமே மன்றாட வேண்டியிருந்தது. எந்த உடன்படிக்கையிலும் அதற்கு ஒரு விதி எழுதப்படவில்லை.

2005இல் தேர்தல் வந்தது. வாக்காளர் பதிவுக்குப் பெண்கள் வாராமை கண்டு, வெள்ளுடை மகளிர் சந்தைக்கே சென்றனர். கடையை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், பிள்ளையையும் வைத்துக்கொள்கிறோம், நீ போய்ப் பதிந்து வா என்று ஒவ்வொருத்தியையும் அனுப்பினர். பதிவான வாக்காளரில் ஏறத்தாழச் சரிபாதி பெண்கள் ஆயினர். முதற்சுற்றில் முந்தியவர் கால்பந்து வீரர் ஜார்ஜ் வியா. நவம்பர் 8 அன்று நடந்த இரண்டாம் சுற்றில் எலன் ஜான்சன் சர்லீஃப் அம்மையார் 59 விழுக்காட்டு வாக்குகளோடு வென்றார். ஆப்பிரிக்கக் கண்டத்தில் மக்கள் வாக்கினால் நாட்டுத் தலைமை பெற்ற முதற்பெண் அவரே. 2006 ஜனவரி 16 அன்று அவர் பதவி ஏற்ற பின்னரே மகளிர் தங்கள் இயக்கத்தை முறைப்படி நிறைவு செய்தனர்.

ஆயினும் ஊர்களில் வேலை முடியவில்லை. பலாவா குடில் என்பது லைபீரிய ஊர்களின் பழைய மன்றம். பலாவா என்னும் பெயர், சொல் என்று பொருள்படும் போர்த்துக்கீசிய மொழிச் சொல்லிலிருந்து பிறந்தது. சுவரில்லாக் கூரையின் கீழ் மூத்தோர் கூடி வழக்குத் தீர்ப்பர். நம் ஊர்களின் ஆலமரத்தடியை ஒத்தது எனலாம். அங்கே பேசியவர் பெரும்பாலும் ஆண்களே. போருக்குப் பின்னர் மகளிர் அதே வடிவில் தமக்கெனக் குடில்கள் அமைத்தனர். அவற்றை அமைதிக் குடில் என்றழைத்தனர். பாங் மாவட்டத்துத் தொதோத்தாவில் உள்ளது போன்ற குடில்கள் பல மாவட்டங்களிலும் எழுந்தன.

அங்கே நடப்பது யாது? கணவன் அடித்தான் என்று ஒருத்தி வருவாள். அவனை அழைத்து வந்து பெண்கள் நடுவே அமர்த்துவர். போரில் ஊரை விட்டு ஓடியவன் திரும்பி வந்து, என் நிலத்தில் வேறொருவன் பயிரிடுகிறான் என்பான், இருவரையும் கேட்பர். குழந்தைக்குப் பொருள் தராத தந்தை, கடனைத் திருப்பாத அயலாள், இப்படி வழக்குகள் நீளும். இரு பக்கத்தையும் முற்றக் கேட்பதும், தவறியவன் தன் வாயால் ஒப்புக்கொள்வதும், மன்னிப்புக் கேட்பதும், ஈடு தருவதும் அவர்கள் கொண்ட முறை. கற்பழிப்பு, கொலை போன்ற வழக்குகளைத் தாம் தீர்க்காமல் காவல் நிலையத்துக்கு அனுப்புவர். இந்த எல்லையை அவர்கள் வகுத்துக்கொண்டதைப் போற்றுகின்றோம். ஊர் மானம் கருதி இத்தகைய குற்றங்களைக் குடிலுக்குள்ளேயே மூடிவிடுவது எளிது. பழைய மன்றங்கள் பல அதைத்தான் செய்தன. மகளிர் வழக்கறிஞர் கழகம் முயன்று வரைந்த கடுமையான சட்டம் 2006இல் நடைமுறைக்கு வந்தமையும் இதற்குத் துணையாயிற்று.

வழக்கில்லாத நாள்களில் குடிலில் சேமிப்பு நடைபெறும். சூசூ என்று அதற்குப் பெயர். நம் ஊர்ச் சீட்டுத்தான். உறுப்பினர் வாரந்தோறும் சிறு தொகை இடுவர். முறை வருபவள் மொத்தமாக எடுத்து மீனோ அரிசியோ வாங்கி வாணிகம் செய்வாள். போர்க்காலத்தில் எதிரெதிர்க் குலத்தவராக நின்ற இருவர் ஒரே சீட்டில் சேர்ந்துவிட்டால், ஒருத்தியின் வாணிகம் கெடுவது மற்றவளுக்கும் இழப்பாகிறது. நூறு அறிவுரைக் கூட்டங்கள் செய்ய இயலாததை இச்சீட்டுக் கணக்கு செய்கிறது. 2014இல் எபோலா நோய் பரவி அந்நாட்டில் 4,800க்கு மேற்பட்டோர் மாண்டபோது, அரசாங்கத்தை நம்பாத ஊர்களில் கை கழுவவும் பிணத்தைத் தொடாதிருக்கவும் சொல்லிக் கேட்க வைத்தவர்களுள் குடில் பெண்களும் இருந்தனர்.

முன்னர்க் குறித்த இந்தியப் பங்கை இனிக் காண்போம். 2007 ஜனவரியில் நம் மத்திய ரிசர்வ் போலீஸ் படையைச் சேர்ந்த நூற்றுக்கு மேற்பட்ட பெண் காவலர்கள் சீமா துந்தியா அம்மையாரின் தலைமையில் மன்ரோவியாவில் வந்திறங்கினர். ஐக்கிய நாடுகள் சபையின் வரலாற்றில் முற்றிலும் பெண்களால் ஆகிய முதல் காவல் அணி அதுவே. இரவு ரோந்து, குடியரசுத் தலைவர் அலுவலகத்துக் காவல், கலகம் அடக்கல் ஆகியவை அவர்களின் கடமை. ஓய்வு நேரத்தில் பள்ளிச் சிறுமியர்க்குத் தற்காப்புப் பயிற்சியும் அளித்தனர். ஆண்டுதோறும் அணி மாறி மாறி, 2016 பிப்ரவரி வரை அவர்கள் அங்கே பணியாற்றினர். 2007இல் லைபீரியக் காவல்துறையில் பெண்கள் நூற்றுக்கு 6 பேர். 2016இல் 17 பேர். இது முழுவதும் நம்மவர் செயலென்று தற்பெருமை கொள்ளல் தகாது. மகளிரைச் சேர்க்க அந்நாட்டார் தனி முயற்சியும் செய்தனர். துப்பாக்கி ஏந்திய ஆணைக் கண்டு நடுங்கிய சிறுமியர் துப்பாக்கி ஏந்திய பெண்ணைக் கண்டு அருகில் வந்தனர் என்பதில் மட்டும் ஐயமில்லை. நம் நாட்டுப் பெண்கள் செய்த இத்தொண்டை நம்மிலேயே எத்தனை பேர் அறிவர்?

2011இல் போவி அம்மையாருக்கும், சர்லீஃப் அம்மையாருக்கும், ஏமன் நாட்டுத் தவக்குல் கர்மான் அம்மையாருக்கும் நோபல் அமைதிப் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது. 2012ஆம் ஆண்டுக்குரிய இந்திரா காந்தி அமைதிப் பரிசை இந்தியா சர்லீஃப் அம்மையாருக்கு வழங்கியது. பரிசு பெற்ற இருவரும் என்றும் ஒத்தே சென்றனர் என்று எண்ண வேண்டா. சர்லீஃப் ஆட்சியில் உறவினர்க்குப் பதவி அளிக்கப்பட்டதையும் ஊழல் ஒழியாமையையும் போவி அம்மையார் 2012இல் வெளிப்படையாகவே கண்டித்து, நல்லிணக்கக் குழுவின் தலைமையிலிருந்து விலகினார். தாம் அரியணை ஏற்றிய பெண்ணையும் தட்டிக் கேட்டது அவரது இயல்புக்கு ஒத்ததே.

இனி, ஆறாத புண்ணைப் பற்றியும் கூற வேண்டும். 2005ஆம் ஆண்டுச் சட்டப்படி உண்மை அறியும் ஆணையம் அமைந்தது. ஒன்பது உறுப்பினரில் நால்வர் பெண்கள். 17,000க்கு மேற்பட்ட வாக்குமூலங்களைப் பதிவு செய்து, 2009இல் அவ்வாணையம் அறிக்கை தந்தது. போர்க்குற்றங்களுக்குத் தனி நீதிமன்றம் வேண்டும் என்றது. தொடக்கத்தில் டெய்லருக்குப் பொருளுதவி செய்தார் என்பதற்காக, முப்பதாண்டு பதவிக்குத் தகாதோர் பட்டியலில் சர்லீஃப் அம்மையாரின் பெயரையும் சேர்த்தது! அத்தடை செல்லாது என்று 2011இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது; நீதிமன்றம் அமைக்கும் பேச்சும் அத்துடன் உறங்கிவிட்டது. டெய்லருக்கு 2012இல் ஐம்பதாண்டுச் சிறை கிடைத்தது உண்மைதான். ஆனால் அது அண்டை நாடான சியரா லியோனில் இழைத்த குற்றங்களுக்காக. தன் நாட்டு மக்களுக்குச் செய்ததற்காக அவர்மீது வழக்கே நடக்கவில்லை.

இவ்விடயத்தில் மகளிரும் ஒரு கருத்தினர் அல்லர். துப்பாக்கியைக் கொடு, உன்னை மகனாக ஏற்கிறோம் என்று வாக்களித்தோமே, இப்போது வழக்கு மன்றத்துக்கு இழுப்பது முறையா என்பார் உளர். அப்பையன்களை விடுங்கள், அவர்களை ஏவியவர்கள் செனட்டில் அமர்ந்திருக்கிறார்களே, அவர்களை ஏன் விட வேண்டும் என்பார் உளர். இரண்டாவது கருத்தே நமக்கு ஏற்புடையதாகத் தோன்றுகிறது. சிறுவனுக்கு அளித்த மன்னிப்பு, அவன் கையில் கருவி கொடுத்தவனுக்கும் செல்லும் என்று அந்தத் தாய்மார் ஒருபோதும் கூறவில்லை.

2024 மே 2 அன்று குடியரசுத் தலைவர் ஜோசப் போவாக்காய் போர்க்குற்ற நீதிமன்றத்தை அமைப்பதற்கான அலுவலகத்தை நிறுவும் ஆணையில் கையெழுத்திட்டார். நாம் நினைவில் இருத்தச் சொன்ன பிரின்ஸ் ஜான்சன் 2005இலேயே நிம்பா மாவட்டத்து மக்களால் செனட்டுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவர். 2024 நவம்பரில் அவர் இறந்தார்; இறக்கும்போதும் செனட் உறுப்பினராகவே இருந்தார்; எந்த நீதிமன்றத்திலும் அவர் நிறுத்தப்படவில்லை. தூய பேதுரு தேவாலயத்தில் தம்மவரை இழந்தோரும், ஆணையத்தின்முன் வாக்குமூலம் அளித்தோரும் இப்போது முதுமை எய்தி வருகின்றனர்.